நெல் யார் களத்துக்குப் போகிறது?
தேபாகா போராட்டமும் நாமும்

(கொல்கத்தா சால்ட் லேக்கில், அங்கு பணிபுரியும் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

நாம் கூடியிருக்கும் இந்த நகரத்துக்கு அரசு வைத்த பெயர் பிதான்நகர். டாக்டர் பிதான் சந்திர ராய் முதலமைச்சராக இருந்த காலத்தில் திட்டமிடப்பட்டு, ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து, மீன் வளர்த்த உவர்நீர் ஏரிகளைத் தூர்த்து எழுப்பிய நகரம் இது. 1962இல் அந்த வேலை தொடங்கியது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1959 ஆகஸ்ட் 31 அன்று, அரிசி கேட்டுக் கொல்கத்தாவுக்குத் திரண்டு வந்த மக்களைத் தடியால் அடித்தது அதே முதலமைச்சரின் காவல்துறை. அந்த நாட்களில் எண்பது பேர் மாண்டார்கள் என்பது உணவு இயக்கத்தின் கணக்கு. தோழர் ஜோதிபாசு தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்ததும் இதே சால்ட் லேக்கில்தான். 2010 ஜனவரி 17 அன்று அவர் உயிர் பிரிந்ததும் இங்குள்ள மருத்துவமனையில்தான்.

இங்கே அமர்ந்திருக்கும் தோழர்களில் பெரும்பாலோர் மத்திய அரசு அலுவலகங்களிலும், வங்கிகளிலும், ஐந்தாம் செக்டாரின் மென்பொருள் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்கள். வயலைப் பற்றியும் வாரத்தைப் பற்றியும் நம்மிடம் ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். அதற்கான விடை தேபாகாவின் வரலாற்றிலேயே இருக்கிறது. சற்றுப் பொறுத்து அதற்கு வருகிறேன்.

தேபாகா என்றால் மூன்று பங்கு. விளைச்சலை மூன்றாகப் பிரித்து இரண்டு பங்கை உழுதவன் எடுத்துக்கொள்வது என்பதே கோரிக்கை. அதுவரை இருந்தது பாதிக்குப் பாதி. பாதி என்று சொன்னால் நியாயம்போலத் தோன்றும். நிலவரம் அப்படி இருக்கவில்லை. வட வங்கத்தில் ஆதியார் என்றும் பிற இடங்களில் பர்காதார் என்றும் அழைக்கப்பட்ட வாரதார், தன் ஏர், தன் மாடு, தன் விதை, தன் குடும்பத்தின் உழைப்பு அனைத்தையும் போட்டு விளைவித்த கதிரை அறுத்து, ஜோத்தாரின் களத்துக்குச் சுமந்து செல்ல வேண்டும். அங்கேதான் அடிப்பு, அங்கேதான் அளவு. பட்டினிக் காலத்தில் வாங்கிய கடன் நெல்லை வட்டியோடு முதலில் கழிப்பார்கள். பிறகு களம் கூட்டியதற்கு, காவல் காத்ததற்கு, கோயிலுக்கு, ஜோத்தார் வீட்டு விசேஷத்துக்கு என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். பாதிப் பங்குக்காரன் வெறும் வைக்கோலோடு வீடு திரும்பிய கதைகள் தினாஜ்பூரிலும் ரங்பூரிலும் ஏராளம். நம் தஞ்சைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எவன் களத்தில் நெல் கொட்டப்படுகிறதோ அவனே கணக்கனும் நீதிபதியும் என்பது காவிரிக் கரையிலும் இருந்த வழக்கம்தான்.

எனவே இயக்கத்தின் உயிர்நாடியான முழக்கம் பங்கின் அளவைப் பற்றியதாக இருக்கவில்லை. 'நிஜ் காமாரே தான் தோலோ', அதாவது 'நெல்லை உன் சொந்தக் களத்தில் ஏற்று' என்பதே அது. இந்த ஒரு வரியில் நிலப்பிரபுத்துவ அதிகாரத்தின் கழுத்தைப் பிடித்துவிட்டார்கள் விவசாயிகள். மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்பது மனுவில் எழுதக்கூடிய கோரிக்கை. சொல்லப்போனால் அரசாங்கமே அமைத்த ஃபிளவுட் ஆணையம் 1940இல் தந்த அறிக்கையிலேயே அது பரிந்துரைக்கப்பட்டிருந்தது. ஆறு ஆண்டுகள் அது கோப்பில் உறங்கியது. கதிர் யார் களத்துக்குப் போவது என்பதை மனு தீர்க்காது. அறுவடையன்று வயலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் தீர்க்கும்.

1946 செப்டம்பரில் வங்க மாகாண விவசாயிகள் சங்கம் இந்தப் போராட்டத்துக்கு அழைப்பு விடுத்தது. அந்த மாதத்தைக் கவனியுங்கள். ஜூலை 29 அன்று, அஞ்சல் தந்தி ஊழியர்களின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகக் கல்கத்தா முழுவதும் பொது வேலைநிறுத்தம் நடந்தது. இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்று நகரத்தை நிறுத்தினார்கள். பதினெட்டே நாட்கள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, அதே தெருக்களில் படுகொலை தொடங்கியது. அக்டோபரில் நவகாளி. ஒரு வேலைநிறுத்தத்தில் கிடைத்த ஒற்றுமை வங்கியில் போட்ட வைப்புத்தொகைபோல அப்படியே இருக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு அந்தப் பதினெட்டு நாட்களை நினைவூட்ட வேண்டும்.

அந்த நெருப்புக்கு நடுவில்தான் தேபாகா எழுந்தது. தினாஜ்பூர், ரங்பூர், ஜல்பாய்குரி, மைமன்சிங், ஜெஸ்ஸோர், குல்னா, 24 பர்கானா, மெதினிபூர் என்று அது பரவியது. ராஜவம்சி, சந்தால், முஸ்லிம் வாரதார்கள் ஒரே கொடியின்கீழ் கையில் தடியோடு வயலில் இறங்கினார்கள். தினாஜ்பூரில் முன்னணியில் நின்ற ஹாஜி முகமது தானேஷ் ஒரு முஸ்லிம். அவர் சொல்லைக் கேட்டு இந்து ராஜவம்சிகள் அரிவாளை எடுத்தார்கள். பெயரில் 'ஹாஜி' இருப்பதைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லை. 'ஜான் தேபோ, தபு தான் தேபோ நா', உயிரைக் கொடுப்போம், நெல்லைக் கொடுக்கமாட்டோம் என்ற முழக்கம் வீண் வீறாப்பில் பிறந்ததல்ல. மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1943இல், சுமார் முப்பது லட்சம் பேரைத் தின்ற பஞ்சத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். நெல்லைக் கொடுத்தவர்கள்தான் உயிரையும் கொடுத்தார்கள் என்பதைக் கண்ணால் கண்டவர்கள். பஞ்ச காலத்தில் கஞ்சித் தொட்டி திறந்து, கொள்ளைநோய்க்கு மருந்து கொண்டுபோன நம் தோழர்களை அவர்கள் மறக்கவில்லை. கட்சிக்கு அந்தக் கிராமங்களில் கிடைத்த நம்பிக்கை துண்டறிக்கையால் வந்தது அல்ல.

1946 தேர்தலில் வங்கச் சட்டமன்றத்துக்குக் கம்யூனிஸ்டுகள் மூவர் சென்றார்கள். ரயில்வே தொழிலாளர் தொகுதியிலிருந்து ஜோதிபாசு, டார்ஜிலிங் தேயிலைத் தொழிலாளர்களின் ரத்தன்லால் பிராமண், தினாஜ்பூர் விவசாயி ரூப்நாராயண் ராய். ரயில், தேயிலை, நெல் என்ற மூன்றும் அந்த மூவரில் அடங்கின. ஜல்பாய்குரியின் துவார்ஸ் பகுதியில் போராட்டம் பரவியபோது தோட்டத் தொழிலாளர்களும் ரயில்வே தொழிலாளர்களும் விவசாயிகளோடு வந்து நின்றார்கள். தொழிலாளி–விவசாயி கூட்டணி என்று நாம் தீர்மானங்களில் எழுதுவதை அவர்கள் ஒரு அறுவடைக் காலத்தில் செய்து பார்த்தார்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போலீஸ் வருவது தெரிந்தால் சங்கு முழங்கும். வீட்டிலிருந்த துடைப்பம், உலக்கை, மிளகாய்த்தூள் எதுவானாலும் எடுத்துக்கொண்டு பெண்கள் முன்வரிசைக்கு வருவார்கள். ஆண்கள் தலைமறைவாக இருந்த கிராமங்களில் நெல்லைக் காத்தது அவர்களே. அந்த நாட்களை நேரில் கண்டு நாட்குறிப்பும் கோட்டோவியமுமாகப் பதிவு செய்தவர் சோம்நாத் ஹோர். அப்போது அவர் இளம் ஓவிய மாணவர். 1946 டிசம்பரில் கட்சி அவரை ரங்பூருக்கு அனுப்பியது. ஒரு போராட்டத்துக்கு ஓவியரை அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்சிக்குத் தோன்றியதே, அதை நான் மிகவும் மதிக்கிறேன். இன்று நாம் கைபேசியில் ஆயிரம் படம் எடுக்கிறோம். அந்தக் கோடுகளில் இருக்கும் முகங்கள்போல ஒன்றுகூட நம்மிடம் தேறுமா என்பது சந்தேகம்.

1947 ஜனவரி 4 அன்று தினாஜ்பூரின் சிரிர்பந்தரில் முதல் துப்பாக்கிச் சூடு. சமீருதீன் என்ற முஸ்லிம் விவசாயியும் சிவராம் என்ற சந்தாலும் மாண்டார்கள். அதே மாதம் 22ஆம் நாள், சுஹ்ரவர்தி அமைச்சரவை பர்காதார் மசோதாவை அரசிதழில் வெளியிட்டது. மூன்றில் இரண்டு பங்கை அது ஒப்புக்கொண்டது. சட்டமே வந்துவிட்டது என்று எண்ணி, புதிய இடங்களிலெல்லாம் வாரதார்கள் துணிந்து இறங்கினார்கள். ஜோத்தார்கள் விழித்துக்கொண்டார்கள். முஸ்லிம் லீக்கில் இருந்த ஜோத்தார்களும் காங்கிரசில் இருந்த ஜோத்தார்களும் மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இந்த ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள். மசோதா கிடப்பில் போடப்பட்டது. போலீஸ் மட்டும் கிராமங்களுக்கு வந்தது.

பிப்ரவரி 20, கான்பூர். உத்தரப்பிரதேசத்துக் கான்பூர் அல்ல, பாலூர்காட் அருகே உள்ள சிற்றூர். கைது செய்தவர்களை விடுவிக்கக் கோரிய மக்கள்மீது போலீஸ் சுட்டது. 22 பேர் மாண்டார்கள். யசோதா ராணி சர்க்காரும் சியார்சாய் ஷேக்கும் அந்த மண்ணில் ஒன்றாக வீழ்ந்தார்கள்.

அதன்பிறகு இயக்கம் பின்வாங்கியது. அடக்குமுறை மட்டுமே காரணம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். அப்படிச் சொல்வது நமக்கு உதவாது. அந்த ஆண்டிலேயே தோழர் பவானி சென் எழுதிய பரிசீலனை இதை வெளிப்படையாகப் பேசியது. நடுத்தர வர்க்கம் விலகி நின்றது என்பது அதில் முக்கியமான ஒன்று. கல்கத்தாவிலும் மாவட்டத் தலைநகரங்களிலும் குமாஸ்தாவாக, ஆசிரியராக, வக்கீலாக இருந்தவர்களில் எத்தனையோ பேருக்கு ஊரில் ஐந்து ஏக்கரோ பத்து ஏக்கரோ வாரத்துக்கு விட்ட நிலம் இருந்தது. அலுவலகத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள், சங்கத்துக்குச் சந்தா கொடுப்பார்கள். அறுவடைக் காலத்தில் ஊரிலிருந்து வரும் நெல் குறைந்தால் முகம் சுருங்கும். பெரிய ஜோத்தாரையும் இந்தச் சிறிய உடைமையாளரையும் ஒரே தட்டில் வைக்காமல், பின்னவரை எப்படி அணுகுவது என்பதை இயக்கம் உரிய காலத்தில் வகுக்கவில்லை. நிலமற்ற கூலித் தொழிலாளியை ஈர்க்கும் கோரிக்கையும் போதிய அளவு முன்வைக்கப்படவில்லை. 1947 இறுதியில், புதிய அரசுக்கு அவகாசம் தரவேண்டும் என்று கருதி நேரடி நடவடிக்கையைத் தலைமை தவிர்த்தது. அந்த அவகாசத்தை ஜோத்தார்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். 1948இல் காக்துவீப்பின் சந்தன்பிரியில் கர்ப்பிணியான அகல்யா சுட்டுக் கொல்லப்பட்டார். 1950இல், எல்லைக்கு அப்பால் நாச்சோலில், இலா மித்ரா கைது செய்யப்பட்டுக் கொடும் சித்திரவதைக்கு உள்ளானார்.

முதலில் தள்ளிவைத்த கேள்விக்கு விடை இதுதான், தோழர்களே. தேபாகாவில் வராமல் போனவர்கள் நம்மைப் போன்றவர்கள். மாதச் சம்பளக்காரர்கள். ஊரில் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள்.

தஞ்சையை இதனோடு வைத்துப் பாருங்கள். வங்கம் பாதியிலிருந்து மூன்றில் இரண்டுக்குப் போராடியபோது, தஞ்சைக் குத்தகை விவசாயிக்கு ஐந்தில் இரண்டு பங்கே 1952இன் சட்டத்தில்தான் கிடைத்தது. எவ்வளவு கீழிருந்து தொடங்க வேண்டியிருந்தது என்பதை இது காட்டும். அங்கே பங்கைப் பேசுவதற்கு முன் சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழிக்க வேண்டியிருந்தது. கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட தோழர் பி. சீனிவாசராவ் சேரிகளில் தங்கி, அடித்தால் திருப்பி அடி என்று கற்றுக்கொடுத்த பிறகே முத்திரை மரக்காலைப் பற்றிப் பேச முடிந்தது. வங்கத்து ஆவணங்கள் சாதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தஞ்சையில் பேசாமல் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட 44 பேரும் தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கூலி கேட்டதும் செங்கொடியை இறக்க மறுத்ததும் அவர்கள் செய்த குற்றம்.

வங்கத்தில் தேபாகாவின் கணக்கு 1978இல் ஓரளவு தீர்ந்தது. இடது முன்னணி அரசின் ஆபரேஷன் பர்கா புதிதாகப் பெரிய சட்டம் எதையும் கொண்டுவரவில்லை. வாரதாருக்கு 75 சதவீதம் என்பது ஏற்கெனவே ஏட்டில் இருந்தது. நான் வாரதார் என்று நிரூபிக்கும் சுமையை அவன் தோளிலிருந்து இறக்கி, இவன் வாரதார் அல்ல என்று நிரூபிக்கும் சுமையை உடைமையாளர் தோளில் ஏற்றியது 1977இன் திருத்தம். அதிகாரிகள் அலுவலகத்தில் காத்திருக்காமல் மாலை நேரத்தில் கிராமத்துக்குப் போய், வாரதார்களைக் கூட்டமாக உட்காரவைத்துப் பெயர் எழுதினார்கள். தனியாக வந்தால் பயப்படுகிறவன் கூட்டத்தில் பேசினான். சுமார் 14 லட்சம் பெயர்கள் ஏறின. பினய் சௌத்ரி போன்ற அமைச்சரும் கிராமம்தோறும் இருந்த விவசாயிகள் சங்கமும் இல்லாமல் இது நடந்திருக்காது. பெண்களின் பெயர் அந்தப் பதிவேடுகளில் மிகக் குறைவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உலக்கையோடு முன்வரிசையில் நின்றவர்கள் பட்டியலில் பின்னுக்குப் போனார்கள்.

இன்றைய நிலை நீங்கள் அறிந்ததுதான். 2019 மக்களவைத் தேர்தலில் வட வங்கத்தின் எட்டுத் தொகுதிகளில் ஏழை பாஜக வென்றது. கான்பூர் தியாகிகளின் பாலூர்காட்டும் அவற்றில் ஒன்று. 2021இல் சட்டமன்றத்தில் இடதுசாரிகளுக்கு ஓர் இடமும் இல்லை. சியார்சாய் ஷேக்கும் யசோதாவும் ஒன்றாக வீழ்ந்த இடத்தில், அவர்களின் பேரப்பிள்ளைகளை இந்து என்றும் முஸ்லிம் என்றும் பிரித்து வாக்குக் கேட்கிறார்கள். இதற்கு நினைவுநாள் கூட்டம் மட்டும் மாற்றாகாது. 1946இல் மத வெறிக்கு எதிராக நின்றது நல்லிணக்க உபதேசம் அல்ல, களத்துக்குப் போகும் நெல். இன்று அந்த இடத்தில் எது நிற்கிறது? உரக்கடைக் கடனா, உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்கின் கட்டணமா, கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் வேலை தேடிச் செல்லும் இளைஞனின் கூலியா? வங்கத் தோழர்கள் இதைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். திருப்பூரிலும் சென்னையிலும் கட்டுமானப் பணியிடத்தில் நிற்கும் வங்க இளைஞனைச் சந்திப்பதில் தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொரு வேலை உங்களுக்கே உரியது. தமிழ்நாட்டில் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் 1969இலேயே வந்தது. நிலவுடைமையாளருக்கு 25 சதவீதம் என்பதும் சட்டத்தில் உண்டு. ஆயினும் காவிரிப் படுகையில் வாய்மொழிக் குத்தகை இன்றும் தொடர்கிறது. ஏட்டில் பெயர் இல்லாதவனுக்குக் கூட்டுறவுக் கடன் கிடைப்பது கடினம். பயிர்க் காப்பீடும் வெள்ள நிவாரணமும் நிலத்துக்குச் சொந்தக்காரன் கணக்கில் விழுகின்றன. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கக்கூட அடுத்தவர் சிட்டாவைத் தேட வேண்டியிருக்கிறது. நெல் அவன் களத்தில் கிடந்தாலும், பணம் வேறொருவன் களத்துக்குப் போகிறது.

பொங்கலுக்கு விடுப்பில் ஊருக்குப் போகும் தோழர்கள், தங்கள் குடும்ப நிலத்தைச் சாகுபடி செய்கிறவரின் பெயர் குத்தகைப் பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அவரை அழைத்துக்கொண்டு நீங்களே போங்கள். வீட்டில் பெரியவர்கள் ஒப்ப மாட்டார்கள், சண்டை வரும். திரும்பி வந்ததும் அடுத்த கூட்டத்தில் அதையே முதல் பொருளாக எடுத்துப் பேசுவோம். இப்போது உங்கள் கேள்விகள்.