வலி மாத்திரையும் மலச்சிக்கலும்

(தொடர் கல்வி மையக் கூட்டத்துக்கான உரை)



இன்றைக்குப் பேச இருப்பது மலச்சிக்கலைப் பற்றி. பெயரைச் சொன்னதும் சிலர் சிரிப்பார்கள். சிலர் தலையைக் குனிந்து கொள்வார்கள். காய்ச்சல் வந்தால் சொல்கிறோம். தலைவலி வந்தால் சொல்கிறோம். நாலு நாளாக வெளிக்குப் போகவில்லை என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. டாக்டரிடம் கூடச் சொல்வதில்லை. இந்தக் கூச்சத்தால் நல்ல மருந்து வீணாகிறது. தீர வேண்டிய வலி தீராமல் போகிறது. எப்படி என்று பார்ப்போம்.

எந்த மாத்திரை?

எல்லா வலி மாத்திரையும் வயிற்றைக் கட்டாது. காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை பொதுவாகக் கட்டாது. கடுமையான வலிக்கு டாக்டர் எழுதித் தரும் சில மருந்துகள் கட்டும். மார்ஃபின், கோடீன், டிரமடால், டபென்டடால் ஆகியவை அந்த வகை. புற்றுநோய் வலிக்குக் கொடுப்பார்கள். பெரிய ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுப்பார்கள். எலும்பு முறிந்தவர்களுக்கும் கொடுப்பார்கள்.

இவை அபினி வகை மருந்துகள். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அந்தப் பால் காய்ந்தால் அபினி. மார்ஃபினும் கோடீனும் அபினியில் உள்ளவை. டிரமடாலும் டபென்டடாலும் தொழிற்சாலையில் செய்யப்படுபவை. ஆனாலும் உடம்புக்குள் அவை செய்யும் வேலை ஏறக்குறைய அதேதான்.

மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் அபினித் தொழிற்சாலைகள் இருக்கின்றன.

அந்தக் காலத்து வைத்தியர்கள் வயிற்றுப்போக்கை நிறுத்த அபினி கலந்த மருந்து கொடுத்தார்கள். போகிற வயிற்றையே நிறுத்தும் மருந்து அது. சும்மா இருக்கும் வயிற்றை அது கட்டாமல் விடுமா?

குடலுக்குள் என்ன நடக்கிறது?

நாம் சாப்பிட்ட சாப்பாட்டைக் குடல் தள்ளிக்கொண்டே போகிறது. மண்புழு நெளிந்து நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். குடலும் அப்படித்தான் சுருங்கி விரிந்து தள்ளுகிறது. அபினி வகை மருந்து மூளையில் வலியைக் குறைக்கிறது. அதே மருந்து குடலையும் தொடுகிறது. குடலின் ஓட்டம் மெதுவாகிறது. மலம் ஒரே இடத்தில் தங்குகிறது. தங்கத் தங்க அதில் உள்ள தண்ணீரைக் குடல் உறிஞ்சிவிடுகிறது. கடைசியில் மலம் ஆட்டுப் புழுக்கை போல இறுகிவிடுகிறது.

இங்கே முக்கியமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த மருந்தைத் தொடங்கினால் முதலில் தூக்கமாக வரும். குமட்டலும் வரலாம். சில நாளில் உடம்பு பழகிவிடும். தூக்கமும் குமட்டலும் பெரும்பாலும் குறைந்துவிடும். மலச்சிக்கல் அப்படி இல்லை. அதற்கு உடம்பு பழகுவதில்லை. மருந்து சாப்பிடும் வரை அதுவும் இருக்கும். "போகப் போகச் சரியாகும்" என்று காத்திருப்பதில் பயன் இல்லை.

மாத்திரையை நிறுத்தலாமா?

இந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். "இந்த மாத்திரையால்தானே வயிறு கட்டுகிறது, இதை விட்டுவிடலாம்" என்று நினைக்கிறார்கள். ஒரு வீட்டில் நடக்கும் பேச்சாக இதை நினைத்துப் பாருங்கள். நோயாளி ஒரு வயதான தாய். வீட்டுக்கு வந்து பார்ப்பவர் ஒரு நர்ஸ்.

"வலி எப்படி இருக்கிறது அம்மா?"

"தாங்க முடியவில்லை மகளே. ராத்திரி முழுவதும் தூக்கமே இல்லை."

"மாத்திரை போட்டீர்களா?"

தாய் பேசவில்லை. மருமகள்தான் சொல்கிறாள். "மூன்று நாளாக மாத்திரையைத் தொடவில்லை சிஸ்டர். கேட்டால் வேண்டாம் என்கிறார்கள்."

"ஏன் அம்மா?"

தாய் சுவரைப் பார்க்கிறார். நர்ஸ் பக்கத்தில் போய் உட்கார்கிறார். குரலைத் தாழ்த்திக் கேட்கிறார். "வெளிக்குப் போய் எத்தனை நாள் ஆகிறது?"

"ஒரு வாரம் இருக்கும் மகளே. உட்கார்ந்தால் உயிர் போகிறது. அதற்கு இந்த வலியே தேவலை."

எவ்வளவு பெரிய துன்பம் பாருங்கள்! ஒரு வலிக்குப் பயந்து இன்னொரு வலியை அந்தத் தாய் ஏற்றுக்கொண்டார். இரண்டில் ஒன்றைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்று நினைத்தார். அப்படி இல்லை. இரண்டுக்கும் மருந்து இருக்கிறது.

நம் நாட்டில் மார்ஃபின் கிடைப்பதே சுலபம் இல்லை. 1985இல் வந்த போதைப் பொருள் சட்டம் மிகவும் கடுமையானது. அதற்குப் பயந்து பல ஆஸ்பத்திரிகள் மார்ஃபினையே வைக்கவில்லை. வலியால் துடித்தவர்கள் ஏராளம். 2014இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். நோயாளிகளுக்கு மருந்து கிடைக்க வழி செய்தார்கள். இப்படி அரும்பாடு பட்டு வந்த மாத்திரை, மலச்சிக்கலால் அலமாரியில் கிடக்கலாமா?

இன்னொன்று. பல நாள் சாப்பிட்ட மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. வியர்த்துக் கொட்டும். உடம்பு வலிக்கும். வயிற்றைப் பிடித்து இழுக்கும். விட்ட வலியும் திரும்பி வரும். குறைப்பதானாலும் நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

முதல் நாளே கேளுங்கள்

வலி மாத்திரை தொடங்கும் அன்றே மலமிளக்கி மாத்திரையும் தொடங்க வேண்டும். வயிறு கட்டிய பிறகு தேடக் கூடாது. டாக்டர் மறந்தாலும் நாம் மறக்கக் கூடாது. "டாக்டர், இந்த மாத்திரை வயிற்றைக் கட்டுமா? அதற்கும் மருந்து எழுதித் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். இப்படிக் கேட்பது நம் உரிமை.

என்ன மருந்து கொடுப்பார்கள்? பிசகோடில் மாத்திரை ஒன்று. இதை இரவில் போட்டால் காலையில் வேலை செய்யும். மெல்லாமல், பொடிக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். பாலோடு சேர்த்துப் போடக் கூடாது. லாக்டுலோஸ் என்ற இனிப்பான மருந்தும் உண்டு. அது வேலை செய்ய ஒன்றிரண்டு நாள் ஆகும்.

சென்னா என்பது இன்னொரு மருந்து. இது நமக்குத் தெரிந்த நிலாவாரைதான். சில ஊர்களில் நிலவாகை என்பார்கள். திருநெல்வேலிச் சீமையில் விளைந்த இந்த இலை, கப்பலேறி வெளிநாடு போயிற்று. 'தின்னவேலி சென்னா' என்றே அதற்கு உலகச் சந்தையில் பெயர். நாட்டு மருந்துதானே என்று அளவில்லாமல் சாப்பிடக் கூடாது. எவ்வளவு என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

கேரளத்தில் இதை நன்றாகச் செய்கிறார்கள். 1993இல் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ் குமார் முதலியவர்கள் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புச் சிகிச்சையைத் தொடங்கினார்கள். பிறகு ஊர் மக்களே தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது. அங்கே பஞ்சாயத்து மூலம் நர்சுகள் வீடு தேடிப் போகிறார்கள். இப்படி வீட்டுக்கு வருபவரிடம் வலியைப் பற்றி மட்டும் சொன்னால் போதாது. வயிற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்தால் மட்டும் அளவை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கீரை, பப்பாளி, கொய்யா, வாழைப்பழம் நல்லவை. முடிந்த அளவு கொடுக்கலாம். ஆனால் இந்த மலச்சிக்கலைச் சாப்பாடு மட்டும் தீர்க்காது. மாத்திரையும் வேண்டும். பசியே இல்லாத நோயாளியை "கீரை சாப்பிடு, கீரை சாப்பிடு" என்று வற்புறுத்தக் கூடாது.

இசப்கோல் உமியைப் பலர் வாங்கிக் கொடுக்கிறார்கள். மற்ற மலச்சிக்கலுக்கு அது நல்லதுதான். இங்கே கவனம் தேவை. அந்த உமி தண்ணீரில் ஊறிப் பெருக்கும். குடல் தள்ளாமல் நிற்கும்போது, தண்ணீரும் குறைவாக இருந்தால், அதுவே அடைத்துக்கொள்ளும். டாக்டரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

காலையில் சூடாக ஏதாவது குடித்த பிறகு குடல் அசையும். அந்த நேரத்தில் போய் உட்கார வேண்டும். வந்தாலும் வராவிட்டாலும் உட்காரப் பழக வேண்டும். குந்தி உட்காருவது நல்லது. முடியாதவர்கள் நாற்காலிக் கக்கூசில் உட்கார்ந்து, காலுக்கடியில் சிறு முக்காலி போட்டுக்கொள்ளலாம். முட்டி உயர்ந்தால் மலம் இறங்குவது சுலபம்.

நடக்க முடிந்தவரைக் கைத்தாங்கலாக நடத்திக் கூட்டிப் போங்கள். படுக்கையில் இருப்பவர் என்றால் கதவைச் சாத்துங்கள். அல்லது ஒரு சேலையைக் கட்டி மறைப்பு செய்யுங்கள். பத்துப் பேர் பார்க்க யாருக்கும் மலம் போகாது. சில தாய்மார்கள் இருட்டும் வரை அடக்கிக்கொள்கிறார்கள். அடக்க அடக்க மலம் இறுகும். அவர்களுக்கு வழி செய்து தருவது வீட்டாரின் கடமை.

சோப்புத் தண்ணீரை எனிமாவாக வீட்டில் கொடுக்கக் கூடாது. குடல் புண்ணாகும். தேவையானால் நர்ஸ் வந்து கொடுப்பார்.

காலண்டரில் எழுதுங்கள்

நாம் எழுத்தைக் கற்றது எதற்கு? கையெழுத்துப் போட மட்டுமா? வீட்டுச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. அதில் தினமும் எழுதுங்கள். வெளிக்குப் போனால் 'போனது' என்று எழுதுங்கள். போகாவிட்டால் 'இல்லை' என்று எழுதுங்கள். வலி மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர் அந்தக் காலண்டரைக் காட்டினால் போதும். டாக்டருக்குப் புரிந்துவிடும்.

'இல்லை' என்று தொடர்ந்து மூன்று நாள் வந்தால் காத்திருக்கக் கூடாது. நர்சிடமோ டாக்டரிடமோ சொல்ல வேண்டும். மருந்தின் அளவைக் கூட்டுவார்கள். அல்லது மருந்தை மாற்றுவார்கள்.

ஏமாற்றும் வயிற்றுப்போக்கு

பல நாள் மலம் போகவில்லை. திடீரென்று தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சம் கசிகிறது. "அப்பாடா, வயிறு போய்விட்டது" என்று நினைக்கிறோம். அல்லது பேதி என்று பயந்து, அதை நிறுத்த மாத்திரை கொடுக்கிறோம். இரண்டும் தவறாக இருக்கலாம். கட்டி மலம் உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும். அதன் பக்கவாட்டில் தண்ணீர் மட்டும் கசியும். மடையில் கல் அடைத்தாலும் ஓரத்தில் தண்ணீர் கசிவதில்லையா? அது போலத்தான். உடனே நர்சிடம் காட்டுங்கள்.

இவை ஆபத்தான அடையாளங்கள்: வயிறு உப்புகிறது. வாந்தி நிற்கவில்லை. காற்றுக்கூடப் பிரியவில்லை. வயிறு சுருட்டிச் சுருட்டி வலிக்கிறது. மலத்தில் இரத்தம் வருகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மலமிளக்கி கொடுக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. வலி மாத்திரையோடு மலமிளக்கியையும் முதல் நாளே கேளுங்கள்.
2. மலச்சிக்கலுக்காக வலி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
3. தினமும் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாள் போகாவிட்டால் சொல்லுங்கள்.
4. ஒருவருக்குக் கொடுத்த வலி மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது. குழந்தை கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

பெரியோர்களே! நம் தெருவிலும் வலியோடு படுத்திருப்பவர் இருக்கலாம். அவரைப் பார்க்கப் போகும்போது பழம் வாங்கிப் போகிறோம். ஆறுதல் சொல்கிறோம். நல்லது. அதோடு அவருடைய வீட்டாரைத் தனியாக அழைத்து ஒரு கேள்வி கேளுங்கள். "அவருக்கு வயிறு போகிறதா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியால் அவர் மறுபடி மருந்து சாப்பிடலாம். இரவில் தூங்கலாம். உடம்பில் நடப்பதைச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.