சாம்பலானதும் மிஞ்சியதும்



பழைய பாடக் குறிப்புகளைத் தேடிப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவைப்பது வேலையற்றவர்களின் வேலை என்று சிலர் சொல்லுகிறார்கள். அச்சுப் புத்தகம் இருக்கும்போது மாணாக்கன் எழுதிவைத்தது எதற்கு என்றும் கேட்கிறார்கள். இதற்கு நடந்த சங்கதி ஒன்றையே பதிலாகச் சொல்லுகிறோம்.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த ஆடம் ஸ்மித் 1776-இல் ‘நாடுகளின் செல்வம்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். 1790-இல் சாவதற்குச் சில நாள் முன்பு, சிலவற்றைத் தவிரத் தமது கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் நண்பர்களைக் கொண்டு நெருப்பிலிடச் செய்தார். பின்னால் விவாதம் கிளம்பிற்று. அவர் 1764-இல் பிரான்சுக்குப் போனவராதலால், பொருளாதாரக் கொள்கைகளை அங்கேதான் கற்றார் என்றனர் ஒரு சாரார். இல்லை என்றனர் மற்றொரு சாரார். பார்த்துத் தீர்க்க ஆதாரம் எங்கே? சாம்பலாய்ப் போயிற்று!

1895-இல் எட்வின் கானன் என்ற பொருளாதார ஆசிரியருக்கு ஒரு கையெழுத்துப் புத்தகம் கிடைத்தது. அது கிளாஸ்கோ வகுப்பில் ஸ்மித் சொன்ன பாடங்களின் குறிப்பு. 1896-இல் அதை அச்சிட்டார். 1762-63ஆம் வருஷத்துப் பாடக் குறிப்பு இன்னொன்று 1958-இல் அகப்பட்டது. அவற்றில் என்ன இருந்தது? குண்டூசி செய்யும் வேலையைப் பலர் பங்கிட்டுச் செய்தால் உற்பத்தி பெருகும் என்ற பாடம், பிரான்சுக்குப் போகுமுன்பே இருந்தது. கூலி, லாபம், வாரம் என்று வருமானம் பங்காவதைப் பற்றிய முறையான பாடமோ அதில் இல்லை. அது பின்னால் சேர்ந்தது. ஆகவே இரண்டு கட்சிக்கும் முழு வெற்றியில்லை. உண்மைக்குத்தான் வெற்றி. இதைக் காப்பாற்றிக் கொடுத்த மாணாக்கர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது, தோழர்களே!

ஒரே பிரதி ஒரே வீட்டிலிருந்தால் தீயும் செல்லும் அதைத் தின்றுவிடும். ஆகையால் பக்கம் பக்கமாகப் படமெடுத்துப் பல இடங்களில் வைக்கவேண்டும். சொல்லைத் தேட எழுத்தாகவும் பெயர்க்கவேண்டும். பெயர்ப்பவன் தவறக்கூடுமாதலால் படத்தையும் மூலத்தையும் விடக்கூடாது. எந்த வருஷம், எந்த வகுப்பு என்பதையும் குறிக்கவேண்டும். யந்திரங்கள் பழசாகும்; அவ்வப்போது சரிபார்த்து மறுபிரதி எடுக்கவேண்டும்.

இவ்வளவும் பெரியவர் எழுத்தைப் பூஜிப்பதற்காகவா? அல்லவே அல்ல. யார் சொன்னாலும் மெய்யா என்று பார்ப்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டும் என்பதற்காகவேயாகும். ஆதலால் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பாட நோட்டையும் பரீட்சைக் கேள்வித்தாளையும் எடைக்குப் போடுமுன் ஒருதரம் யோசிக்க வேண்டுமாய்க் கேட்டுக்கொண்டு இத்துடன் முடித்துக்கொள்ளுகிறோம்.