இந்திரா காந்தி: நம் தராசில்



மறைந்தவரைப் புகழ்ந்து பேசிவிட்டுக் கலைவது நம் மன்றத்தின் வழக்கம் அல்ல. நமக்குள் தீராமல் கிடக்கும் ஒரு விவாதத்தை எடுத்துப் பேசுவதே நினைவுப் பேருரையின் வேலை என்று கருதுகிறோம். இந்த ஆண்டு எடுத்துக்கொண்டிருப்பது இந்திரா காந்தியை.

இங்கிருந்து அதிக தூரம் போக வேண்டாம். அடையாறில் இந்திரா நகர் இருக்கிறது. பறக்கும் ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். தமிழ்நாடு முழுக்கச் சேரிகளில் அவர் பெயரைத் தாங்கிய நகர்கள் ஏராளம். நம் பாட்டிமார் பலருக்கு அவர் ‘இந்திராம்மா’. சென்னையின் படித்த நடுத்தர வர்க்கமோ அவரைப் பற்றி எழுதும்போது 1975 ஜூன் 25 இரவில் தொடங்கி 1977 மார்ச் 21இல் முடிகிற ஓர் இருட்டைப் பற்றி மட்டுமே எழுதுகிறது. இந்த இரண்டு நினைவுகளில் ஒன்றைக்கூட நாம் பொய் என்று தள்ள முடியாது. ஆனால் இரண்டையும் அப்படியே ஏற்கவும் முடியாது. அதற்கான காரணத்தைத்தான் இன்று பேசப்போகிறோம்.

முதலில் வரவுப் பக்கம். 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் தேசியமயமாயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அவற்றில் இருந்தன. அதன் பிறகுதான் இந்த வங்கி வேலைகளில் பட்டியல் சாதியினருக்கு இடஒதுக்கீடு வந்தது. தியாகராய நகரிலோ மயிலாப்பூரிலோ வங்கிக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நம் வீட்டுப் பிள்ளை உட்கார முடிந்தது அதனால்தான். 1971இல் மன்னர் மானியம் ஒழிந்தது. ஏழைகளுக்கு 4 சதவீத வட்டியில் கடன் தரும் திட்டம் 1972இல் வந்தது.

நெருக்கடி நிலைக் காலத்துக்கு வருவோம். 1975 அக்டோபரில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் வந்து, 1976இல் நாடாளுமன்றச் சட்டமானது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்ற சட்டமும் அந்த ஆண்டில்தான். 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற புதிய பெயரோடு 1976 நவம்பர் 19இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாள் இந்திராவின் பிறந்தநாளும்கூட. பண்ணையில் பாட்டன் வாங்கிய கடனுக்குப் பேரன் உழைத்த குடும்பங்களுக்கு இவை எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, கடனே வாங்காதவர்கள் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இனிப் பற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விசாரணையின்றிச் சிறை வைக்கப்பட்டார்கள். தமிழ்நாட்டில் திமுக ஆட்சி 1976 ஜனவரி 31இல் கலைக்கப்பட்டது. சென்னை மத்தியச் சிறையில் மிசா கைதிகள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அந்தச் சிறையில் நடந்ததை நீதிபதி இஸ்மாயில் ஆணையம் பின்னர் விசாரித்தது.

டெல்லியில் இடிக்கப்பட்ட கட்டடங்கள் சுமார் ஒன்றரை லட்சம் என்று ஷா ஆணையம் கணக்கிட்டது. 1976–77ஆம் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. யாருடைய உடலில் என்று கேளுங்கள். குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கை எட்ட அதிகாரிகள் பங்களாக்களின் கதவைத் தட்டவில்லை. இருட்டு எல்லோருக்கும் பொது என்றாலும் கத்தி எல்லோர் மீதும் ஒரேபோல விழவில்லை.

நம் ஆட்கள் அப்போது எங்கே நின்றார்கள்? இதை மறைக்காமல் பேச வேண்டும். 1975 ஜூலையில் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கோரும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவர் பாபு ஜெகஜீவன் ராம். 1977 பிப்ரவரியில் இந்திராவை விட்டு வெளியேறி அந்த ஆட்சியின் அடித்தளத்தை ஆட்டியவரும் அவர்தான். தலித் சிறுத்தைகள் இயக்கத்தை 1972இல் பம்பாயில் தொடங்கியவர்களில் ஒருவரான கவிஞர் நாம்தேவ் தசால் நெருக்கடி நிலையை ஆதரித்தார். இந்திராவைப் பற்றி ‘பிரியதர்ஷினி’ என்று நீண்ட கவிதையும் எழுதினார். காமாட்டிபுராவின் சாக்கடையை மராத்தி இலக்கியத்தின் நடுவீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். அந்தக் கையே அதையும் எழுதியது. அவரைத் துரோகி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கிராமத்து நிலவுடைமையாளரை அடக்க டெல்லியில் ஒரு பலமான கை வேண்டும் என்று நினைக்கும் ஆசை நம் எல்லோருக்குள்ளும் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதான் கடினம்.

வாக்குப்பெட்டியையும் பார்ப்போம். 1977 மார்ச்சில் வட இந்தியா இந்திராவைத் தோற்கடித்தது. தமிழ்நாட்டில் அவருடைய கூட்டணி 39இல் 34 இடங்களை வென்றது. மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடங்கிய தென்சென்னைத் தொகுதியில் முரசொலி மாறனைக் காங்கிரசின் ஆர். வெங்கட்ராமன் தோற்கடித்தார். 1980இல் சிறையில் அடிபட்ட அதே திமுக, அடித்த அதே இந்திராவோடு கூட்டணி வைத்தது. வெங்கட்ராமன் மறுபடியும் தென்சென்னையில் வென்றார். ஆக, நெருக்கடி நிலையை எதிர்த்த வீர வரலாறு எங்களுடையது என்று இந்த நகரத்தில் யாரும் மார்தட்ட இடமில்லை.

நம்மில் சிலர் கேட்பார்கள்: ஜனநாயகம் இருந்தபோது மட்டும் நமக்கு என்ன வாழ்ந்தது? நியாயமான கேள்வி. 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது நெருக்கடி நிலை இல்லை. நிலக்கிழார்களை விடுவித்த உயர் நீதிமன்றமும் சுதந்திரமாகத்தான் இயங்கியது. ஜனநாயகம் மீண்டதாகக் கொண்டாடிய 1977 மே மாதத்திலேயே பீகாரின் பெல்ச்சியில் 11 பேர் கொளுத்தப்பட்டார்கள். அங்கே சேற்றிலும் வெள்ளத்திலும் யானை மீது ஏறிப்போய்ப் பார்த்தவர் ஆட்சியிழந்த இந்திரா. சேரிக்குள் போலீஸ் நுழைய எந்தக் காலத்திலும் பிரகடனம் தேவைப்பட்டதில்லை.

இந்தக் கேள்விக்குப் பதில் அந்தக் கொத்தடிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 1976இல் சட்டம் வந்தது. ஆனால் தன்னைக் கொத்தடிமை என்று சொல்லி ஒருவன் எங்கே போவது? சங்கம் கூட முடியாது. பத்திரிகை எழுத முடியாது. 1976 ஏப்ரல் 28இல் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் சிறைவைக்கப்பட்டவர் உயிருக்காகக்கூட ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்தார். அந்தச் சட்டத்துக்கு உயிர் வந்தது பிறகுதான். ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா வழக்குத் தொடுத்து 1983 டிசம்பரில் தீர்ப்பு வாங்கியது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் கிடந்த இருளர் குடும்பங்கள் அதிகாரியிடம் விடுதலைச் சான்று வாங்கியது, சங்கமும் வழக்கும் செய்தியும் சேர்ந்து அழுத்தியதால். இந்திரா கொடுத்த மிக நல்ல சட்டம், இந்திரா பூட்டிவைத்த கதவுகள் திறந்த பிறகுதான் நம்மிடம் வந்து சேர்ந்தது.

நாம் நிறுக்கும் முறை இதுதான். நன்மையை ஒரு தட்டிலும் தீமையை மறுதட்டிலும் வைத்து, முள் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது மளிகைக்கடைத் தராசு. கொடுத்ததைக் கேட்டுப் பெறும் உரிமையும் சேர்ந்து வந்ததா என்று நாம் பார்க்க வேண்டும். உரிமை சேராவிட்டால் சட்டமும் பண்ணையார் போடும் தீபாவளித் துணி மாதிரிதான். வாங்கிக்கொள்ளலாம், ஏன் குறைந்தது என்று கேட்க முடியாது.

நம் பகுதியிலேயே ஓர் உதாரணம். 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாயோர வீடுகளை இடித்தபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். தேர்தலில் வென்ற ஆட்சி, நீதிமன்ற உத்தரவு, எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஜனநாயகத்தைப் பற்றி நமக்கு மயக்கம் வேண்டாம் என்பதற்கு அந்த உயிரே சாட்சி. ஆனாலும் தெரு மறியல் நடந்தது, தொலைக்காட்சியில் வந்தது, சட்டமன்றத்தில் கேள்வி எழுந்தது. இடிப்பு நின்றது. மயிலாப்பூர், மந்தைவெளிப் பகுதியிலேயே மாற்று வீடு என்று முதல்வர் அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த வாக்குறுதியை இன்றும் அவரிடம் கேட்க முடியும். 1976 ஏப்ரலில் டெல்லி துருக்மான் வாசலில் வீடுகளை இடித்து, எதிர்த்தவர்களைச் சுட்டபோது, தணிக்கையிலிருந்த நம் நாட்டுப் பத்திரிகைகளில் அந்த உண்மை வரவில்லை. யாரிடம் என்ன கேட்பது? பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ விரட்டப்படும் நமக்கு அந்த வேறுபாடு சிறியதல்ல. அது ஒன்றுதான் நம் கையிலிருக்கும் கருவி.

1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பேசிய பாபாசாகேப், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கே வழிகாட்டும் என்று எச்சரித்தார். அதே உரையில், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை நீடித்தால் பாதிக்கப்பட்டவர்கள் இந்த ஜனநாயகக் கட்டமைப்பையே தகர்த்துவிடுவார்கள் என்றும் சொன்னார். நெருக்கடி நிலையைத் திட்டுபவர்கள் முதல் எச்சரிக்கையை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். பலமான தலைவரை விரும்புபவர்கள் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டிய கடமை நமக்கு.

ஆகவே பாட்டியின் சுவரிலிருக்கும் இந்திராம்மா படத்தைக் கழற்றச் சொல்லப்போவதில்லை. அவருடைய நன்றிக்கு ஒரு காரணம் உண்டு. ஆனால் அந்த நன்றியைக் காட்டி இன்னொரு பலமான தலைவருக்கு நம் வாக்கைக் கேட்டு வருகிறவர்களிடம் மூன்று கேள்விகள் கேட்போம். நீங்கள் தருவது குறைந்தால் உங்கள் மீது வழக்குப் போட முடியுமா? மறுநாள் தெருமுனையில் கூட்டம் போட முடியுமா? அதைப் பற்றி எழுதியவர் வீட்டுக்குத் திரும்ப முடியுமா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வராத இடத்தில், எவ்வளவு பெரிய திட்டமானாலும் அது நமக்கு வந்த பங்கு அல்ல, பிச்சைதான்.