கலவைச் சாளரத்தில் ஒரு பெயர்ப் பட்டை



இசைப்பதிவு மென்பொருளின் மிக்சர் சாளரத்துக்கும் மொழி மன்றத்துக்கும் என்ன தொடர்பு என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர்கள் சிலர் வினவினர். மிக்சர் என்றவுடன் தேநீரோடு வரும் காரப் பண்டத்தை நினைத்தவர்களும் உண்டு. நான் பேச வந்தது கணினித் திரையில் தோன்றும் கலவைச் சாளரத்தைப் பற்றி. பதிவான ஒவ்வொரு தடத்துக்கும் அதில் ஒரு செங்குத்துப் பட்டை இருக்கும். மேலே ஒலித்திருத்தக் கருவிகள். இடையில் ஒலியை இடப்புறமும் வலப்புறமும் நகர்த்தும் குமிழ். அதன்கீழ் ஒலியளவை ஏற்றி இறக்கும் ஃபேடர். பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் அடியில், மிச்சமிருக்கும் இடத்தில், பெயர்.

இவ்வமைப்பு கணினியில் பிறந்ததன்று. ஒலிப்பதிவுக் கூடத்து மிக்சர் மேசையின் படியே இது. அம்மேசையில் ஃபேடர்களின் அடியில் வெள்ளை ஒட்டுநாடா ஒன்றை நீளமாக ஒட்டி, எது எந்தக் கருவி என்று பேனாவால் எழுதுவார்கள். வேலை முடிந்ததும் உரித்தெறிவார்கள். அந்த நாடாவுக்கு எல்லா மொழியும் ஒன்றே. மிருதங்கம் என்று எழுதினால் மிருதங்கம் என்றே நின்றது. இடம் போதாவிடில் எழுத்தை நெருக்கி எழுதினால் போதும்.

நாடா போய் மின்திரை வந்தபோது நிலைமை மாறியது. 1983இல் வெளிவந்த மிடி நெறிமுறையில் ஒரு தரவு பைட்டுக்கு ஏழு பிட்டுகளே. அதாவது 0 முதல் 127 வரையிலான எண்களே. ஆங்கில எழுத்துகளுக்கு அது தாராளம். அந்நெறிமுறையைக் கொண்டு இயங்கும் மேக்கி கன்ட்ரோல் என்னும் கட்டுப்பாட்டு மேசையின் திரையில் ஒரு வரிக்கு 56 எழுத்திடங்கள். எட்டுத் தடங்களுக்கு அதைப் பங்கிட்டால் தடமொன்றுக்கு ஏழு. பெயரைச் சுருக்கி எழுதும் பழக்கத்துக்கு இத்தகைய ஏழு கட்டங்களும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

இதனால் என்ன நேர்கிறது என்பதைப் பினாங்கில் கண்டேன். தைப்பூசத்தை ஒட்டி ஓர் உறுமி மேளக் குழுவின் இசையைக் கல்லூரி மாணவி ஒருவர் பதிவுசெய்தார், நான் உடனிருந்தேன். மொத்தம் 18 தடங்கள். ‘உறுமி உரசுமுகம்’, ‘உறுமி அடிமுகம்’, ‘தவில் வலந்தலை’, ‘தவில் தொப்பி’ என்று அழகாகப் பெயரிட்டார். சாளரமோ இரண்டு பட்டைகளில் ‘உறுமி…’ என்றும் இரண்டில் ‘தவில்…’ என்றும் காட்டியது. அடியைக் குறைக்க எண்ணி உரசலைக் குறைத்துவிட்டார். உறுமியின் உறுமலே மறைந்தது. இரண்டு மூன்று முறை இப்படி நேர்ந்ததும், எல்லாவற்றையும் அழித்து யூ1, யூ2, டி1, டி2 என்று ஆங்கிலத்தில் மாற்றிவிட்டார். அவரை யார் குறைசொல்ல முடியும்? வேலை நடக்க வேண்டுமே. ஆனால் அன்று மாலை அந்தக் கோப்பில் வலந்தலை என்னும் சொல் இல்லை.

ஆகவே சாளரத்தைத் திருத்துவோர் முதலில் பெயரைக் கவனிக்க வேண்டும் என்பேன். 1366 பிக்சல் அகலமுள்ள மடிக்கணினித் திரையில், பட்டைக்கு 90 பிக்சல் என்றால் 15 தடங்களே தெரியும். மேலும் தடங்கள் வேண்டுமென்று பட்டையைக் குறுக்கினால் பெயர்தான் முதலில் அடிபடும். குறுக்கிக்கொள்ளட்டும், ஆனால் பெயருக்கு இரண்டு வரி தர வேண்டும். அந்த இடத்துக்கு எங்கே போவது? கலக்கும்போது பதிவுப் பொத்தானும் உள்ளீட்டுத் தெரிவும் தேவையில்லை, அவற்றை மறைக்கலாம். ரீப்பர் மென்பொருளில் பட்டையின் அமைப்பைப் பயனரே மாற்றி எழுத முடியும். ஆர்டரில் அகலப் பட்டை, ஒடுங்கிய பட்டை என இரண்டும் உண்டு.

ஃபேடரின் உயரத்திலிருந்து மட்டும் இடத்தைத் திருடக் கூடாது. மேசையில் நீண்ட ஃபேடரின் பயணம் 100 மில்லிமீட்டர். திரையில் அது 160 பிக்சல் என்றும், பூச்சியத்திலிருந்து 10 டெசிபல் இறங்கும் பகுதி அதில் கால்பங்கு என்றும் கொள்வோம். அப்போது ஒரு பிக்சலுக்குக் கால் டெசிபல். ஃபேடரை 60 பிக்சலாக்கினால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு டெசிபல் தாவும். பாடகரின் குரலை அரை டெசிபல் ஏற்ற நினைப்பவருக்கு அங்கே வழியில்லை.

இனி, பெயரை வெட்டியே ஆகவேண்டுமெனில் எங்கே வெட்டுவது? புல்லாங்குழல் என்பதை எண்ணிப் பாருங்கள். நமக்கு ஏழெழுத்து. ஒருங்குறியில் 13 குறிகள், யூ.டி.எஃப்-8 முறையில் 39 பைட்டுகள். ஏழு குறிகளோடு வெட்டினால் ‘புல்லாங’ என்று புள்ளி போகும். ஒன்பதோடு வெட்டினால் ‘புல்லாங்க’ என்று உகரம் போகும். குறி குறியாகப் பிரித்துச் செங்குத்தாக அடுக்கினாலோ, துணையெழுத்துகள் புள்ளிவட்டத்தோடு அநாதையாக நிற்கும். ஒருங்குறியின் 29ஆம் பின்னிணைப்பு, உயிர்மெய்யை ஒரே அலகாகக் கொள்ளும் விதியைத் தந்திருக்கிறது. தொல்காப்பியம் பயின்றவருக்கு அவ்விதி புதிதன்று. நிரல் எழுதுவோர் அதைப் பயன்படுத்தினால் போதும்.

நம் பக்கத்திலும் ஒரு திருத்தம் வேண்டும். தமிழில் அடை முன்னும் பெயர் பின்னும் வரும். ‘உறுமி அடிமுகம்’ என்பதை விடுத்து ‘அடி உறுமி’, ‘உரசு உறுமி’ என்று எழுதியிருந்தால், இறுதி வெட்டுப்பட்டாலும் வேறுபாடு தெரிந்திருக்கும். மாணவியிடம் இதைச் சொன்னபோது, “இது இலக்கண வகுப்பில் படித்ததுதானே, ஐயா!” என்று சிரித்தார்.

எம், எஸ் என்னும் பொத்தான்களையும் தமிழாக்க வேண்டுமா என்று கேட்பீர்கள். அவை எழுத்தாக அன்றி அடையாளமாகவே நிற்கின்றன, விட்டுவிடலாம். பெயர் அப்படியன்று.

அந்த மாணவியின் ஒப்புதலோடு அவருடைய கோப்பை இரண்டு வரிப் பெயர்ப் பட்டையுடன் இங்கே திறந்து வைத்திருக்கிறேன். 18 பெயர்களும் தமிழில் உள்ளன. மாணவர்களில் ஒருவர் மேடைக்கு வந்து, அடி உறுமியை மட்டும் சற்றே இறக்குங்கள்; கேட்போம்.