ரோகோவ்: சட்டம் காக்காத ஓர் ஊர்



நிலம், வாழிடம், அடையாளம் ஆகியவற்றைப் பற்றிப் பேசவே இந்த நினைவு நாளில் கூடியிருக்கிறோம். இம்மூன்றுக்காகவும் போராடித் தோற்ற ஒரு சிற்றூரின் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கிழக்கு ஜெர்மனியில் இருந்த அந்த ஊருக்கு ஜெர்மன் மொழியில் ஹோர்னோ என்று பெயர். சோர்பிய மொழியில் ரோகோவ்.

சோர்பியர்கள், ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டில் அப்பகுதியில் குடியேறிய ஸ்லாவிய மக்களின் வழிவந்தவர்கள். தனி நாடு இல்லாதவர்கள். இன்று சுமார் 60,000 பேர் என்று மதிப்பிடப்படுகிறது. 1912-இல் உருவான அவர்களது டோமோவினா அமைப்பை 1937-இல் நாஜி அரசு தடை செய்தது. சோர்பியப் பெயர் கொண்ட ஊர்கள் பலவற்றுக்கு ஜெர்மன் பெயர் சூட்டியது. ஒரு மக்களை அழிக்க நினைப்பவர்கள் ஊர்ப் பெயரிலும் கை வைப்பார்கள் என்பது நமக்குப் புதிதல்ல.

ரோகோவ், கீழ் லுசாத்தியாவில் கூபன், ஃபோர்ஸ்ட் ஆகிய இரு நகரங்களுக்கு இடையே, போலந்து எல்லையான நெய்ஸ் ஆற்றுக்கு மேற்கே, ஒரு மேட்டில் இருந்தது. 1346-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் பெயர் உண்டு. கடைசிக் காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் சுமார் 350 பேர். அவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சோர்பியர்.

ஊருக்கு அடியில் பழுப்பு நிலக்கரி இருந்தது. நெய்வேலியைப் பார்த்தவர்களுக்குத் திறந்தவெளிச் சுரங்கம் எப்படி நகரும் என்று தெரியும். நிலத்தடி நீரை இறைத்து, மேல்மண்ணை வாரி எறிந்து முன்னேறும். வழியில் ஊர் இருந்தால் ஊர் போகும். லுசாத்தியாவில் இவ்வாறு முழுதாகவோ பகுதியாகவோ அழிந்த ஊர்கள் 130-க்கும் மேல். சோசலிச ஆட்சி, பெயர்ப்பலகைகளிலும் பள்ளிகளிலும் சோர்பிய மொழிக்கு இடம் கொடுத்தது. அந்த மொழி பேசப்பட்ட ஊர்களைச் சுரங்கத்துக்குக் கொடுத்தது.

ஜெர்மனி இணைந்த பின் நம்பிக்கை பிறந்தது. 1992-இல் வந்த பிராண்டன்பர்க் மாநில அரசமைப்பின் 25-ஆவது பிரிவு, சோர்பிய மக்களின் அடையாளத்துக்கும் அவர்களது பாரம்பரிய வாழிடத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது. 1995-இல் மாநில அரசமைப்பு நீதிமன்றம், போதிய சட்ட அடிப்படை இல்லையென்று சுரங்கத் திட்டத்தைத் தள்ளுபடி செய்தது. ஊர் வென்றது போலத் தெரிந்தது. அரசு 1997-இல் தனிச் சட்டமே இயற்றியது. 1998-இல் அதே நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. 25-ஆவது பிரிவு அரசுக்கான இலக்கு மட்டுமே. எரிசக்தி, வேலைவாய்ப்பு போன்ற பொதுநலன்களோடு அதைச் சீர்தூக்கிப் பார்க்கலாம் என்பதே அதன் விளக்கம். 2000-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஊராரின் மனுவை ஏற்கவில்லை. அவர்கள் குடியமர்த்தப்படும் ஃபோர்ஸ்ட் நகரும் சோர்பியர் வாழும் பகுதிக்குள்தானே இருக்கிறது என்றது.

வேலை என்ற வாதத்தை நாம் எளிதாக ஒதுக்க முடியாது. இணைப்புக்குப் பின் ஆலைகள் மூடப்பட்ட பகுதி அது. சுரங்கத் தொழிலாளியின் வயிறும் வயிறுதான். ஆனால் தராசில் வைக்கப்பட்டது யாருடைய ஊர், தராசைப் பிடித்திருந்தது யாருடைய கை என்று கேட்காமல் இருக்க முடியுமா?

2003-இல் பெரும்பாலோர் வெளியேறினர். 2004 நவம்பரில் தேவாலயம் இடிக்கப்பட்டது. புதிய குடியிருப்பில் இன்று அழிந்துபோன ஊர்களுக்கான ஆவணக் காப்பகம் இருக்கிறது. அந்தச் சுரங்கத்தில் நிலக்கரி எடுப்பது 2023-இல் முடிந்தது. 650 ஆண்டுகளுக்கு மேல் நின்ற ஊரை எடுத்த பிறகு, அதற்குத் தேவைப்பட்டது இருபது ஆண்டுகூட இல்லை.

சாதியும் மொழிச் சிறுபான்மையும் ஒன்றல்ல. சோர்பியர் பட்டதை நம் மக்கள் பட்டதோடு சமன் செய்ய நாம் வரவில்லை. சட்டத்தைப் படிக்கும் முறையையே இங்கிருந்து எடுத்துச் செல்கிறோம். நம் அரசமைப்பில் தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவு அடிப்படை உரிமை. பட்டியல் சாதியினரின், பழங்குடியினரின் கல்வி, பொருளாதார நலனைப் பேசும் 46-ஆவது பிரிவோ வழிகாட்டு நெறி. அதை மட்டும் காட்டி நீதிமன்றத்தில் உரிமை கோர முடியாது. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன.

ஆகவே மாணவத் தோழர்களே, நமக்கு ஒரு பாதுகாப்பு வாக்களிக்கப்படும்போது அது உரிமையா, இலக்கா என்று முதலில் கேளுங்கள். இலக்கு என்றால், அதை உரிமையாக்கும் சட்டத்துக்கான போராட்டத்தை அன்றே தொடங்குங்கள். இயந்திரம் ஊர் எல்லைக்கு வந்த பிறகு தொடங்கினால், காப்பகம்தான் மிஞ்சும்.

ஜெய் பீம்.