விவரம் போதுமா?

‘கொடுத்த விவரம் போதுமா?’ என்று கேட்டால், மாணவர்கள் அதை ‘விடை என்ன?’ என்றே படிக்கிறார்கள். கரும்பலகையில் நான் எழுதும் ஒரு வினா இது:

ப ஒரு பகா எண். அது ஒற்றை எண்ணா?
கூற்று 1: ப, 10-ஐவிடச் சிறியது.
கூற்று 2: ப + 3 ஒரு பகா எண்.

முதல் கூற்றைப் பார்த்ததும் 3, 5, 7 என்று அடுக்கி, ‘போதும்’ என்பார்கள். 2 விடுபட்டுவிடும். அதைச் சேர்த்தால் விடை மாறுகிறது, எனவே போதாது.

இரண்டாம் கூற்றில், ப ஒற்றை எண்ணானால் ப + 3 என்பது 2-ஐவிடப் பெரிய இரட்டை எண். அது பகா எண் ஆகாது. ஆகவே ப = 2. ஒற்றை எண் இல்லை என்பது உறுதி. நன்றாகப் படிக்கும் பிள்ளையும் தடுமாறும் இடம் இதுதான். விடை ‘இல்லை’ என்று வந்ததால், விவரமும் போதாது என்று குறித்துவிடும். ‘இல்லை’ என்பதும் உறுதியான விடைதான். இரண்டாம் கூற்று மட்டுமே போதும்.

அதனால் வகுப்பில் நான் விடையைக் கேட்பதில்லை. ‘விடையை மாற்றும் இன்னோர் எண் உண்டா?’ என்று கேட்கிறேன். இந்தத் தேடல் பழகிவிட்டால், ஓர் எடுத்துக்காட்டோடு முடிவுக்கு வரும் அவசரம் பிள்ளைகளிடம் குறையும்.