நர்சு வேலையும் நமது கடமையும்



இத் திருமானூரில் இன்று நாம் பேசப்போவது நர்சு வேலையைப் பற்றியாகும். "அதில் பேச என்ன இருக்கின்றது? ஊசி போடுவார், மாத்திரை கொடுப்பார்" என்று சிலர் நினைக்கக்கூடும். அந்த நினைப்புத்தான் நம்மைப் பேச வைத்தது.

கிராம சுகாதார நர்சு ஒருவர் வசம் சுமார் 5,000 ஜனங்கள் ஒப்புவிக்கப்படுகிறார்கள். எந்த வீட்டில் எவர் கர்ப்பமாயிருக்கிறார் என்று தேடிப்போய் அவர் பதிவு செய்யவேண்டும். எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கவேண்டும். இரத்தம் குறைந்தவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதோடு நில்லாமல், அதை விழுங்கினாரா, பரணில் எறிந்தாரா என்றும் விசாரிக்கவேண்டும். குழந்தைகளுக்கான தடுப்பு மருந்தை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் காக்கவேண்டும். கரைத்த தட்டம்மை மருந்தை 4 மணி நேரத்திற்குமேல் உபயோகிக்கலாகாது. மீறினால் அம்மருந்தே குழந்தைக்கு எமனாகலாம்.

ஆஸ்பத்திரி நர்சுக்கோ, எந்த நோயாளி, எந்த மருந்து, எவ்வளவு, எவ்வழி, எந்நேரம் என்ற ஐந்தையும் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது பொறுப்பு. டாக்டர் எழுதிய அளவு தவறென்று தோன்றினால் நிறுத்திக் கேட்கவேண்டும். பெரியவர் எழுதிவிட்டாரென்று கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பது பணிவாகுமே ஒழியக் கடமையாகாது.

1847-இல் வியன்னா நகரத்தில் செம்மல்வைஸ் என்னும் டாக்டர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்ப்பதாலேயே தாய்மார்கள் ஜுரம் கண்டு சாகிறார்கள் என்று கண்டு, மருந்து நீரில் கை கழுவச் செய்தார். சாவு வெகுவாய்க் குறைந்தது. தலைவிதி என்று சொல்லப்பட்டது கையிலிருந்த அழுக்காய் முடிந்தது! அந்த அறிவைத்தான் நர்சு இன்று நம் வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறார்.

நாம் செய்வதென்ன? பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் கொடுங்கள் என்கிறார் அவர். அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் வைக்கிறோம். நம் பாட்டிக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியைத் தீட்டென்று கொல்லைப்புறத்தில் நிறுத்திப் படியளந்தோம். இன்று வேறு வேடம் போடுகிறோம். நர்சைத் "தேவதை" என்கிறோம். தேவதைக்குப் பசியில்லை, தூக்கமில்லை, சம்பளமும் வேண்டாமல்லவா? 2015-இல் தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு எடுக்கப்பட்ட நர்சுகளுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். நிரந்தர வேலை கேட்டு 2017-இல் அவர்கள் சென்னையில் போராட வேண்டியதாயிற்று.

ஆகவே தோழர்களே, நர்சுக்குப் பூச்சூட்ட வேண்டியதில்லை. வாசலுக்கு வந்தால் நாற்காலி போடுங்கள். அவர் சொல்வதற்குக் காரணம் கேளுங்கள்; காரணம் சரியானால் அதன்படி நடங்கள். உழைப்புக்கேற்ற கூலியும் ஓய்வும் அவருக்குக் கிடைக்கக் குரல் கொடுங்கள். உயிர் காப்பது அவர் கடமையென்றால், அவரை மனிதராய் மதிப்பது நம் கடமையல்லவா?